முப்பது நாள் விருந்தாளி

தமிழ்க்குமரனுக்கு எதைச் செய்தாலும் பேனர் வைத்தாக வேண்டும். வீட்டில் போர்வெல் போட்டால் பேனர், கட்சிக்காரர் பிறந்தநாளுக்குப் பேனர், எதிர்வீட்டுப் பெரியவர் செத்துப்போனால் அதற்கும் தன் படத்தோடு ஒரு கண்ணீர் அஞ்சலிப் பேனர். கரிக்கலாம்பாக்கத்தில் நெல் வயலை வாங்கி மனை போட்டு விற்கிற ஆள். நாலு பேருக்கு முகம் தெரிந்தால்தான் பிழைப்பு நடக்கும் என்பது அவன் கட்சி. அப்படிப்பட்டவன், தங்கை மகள் பெரியவளானதற்கு, தாய்மாமன் என்ற உரிமையில், பன்னிரண்டுக்கு எட்டு அடியில் ஒன்று வைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஊர் நின்று பார்த்துவிட்டுப் போனது. அவன் தங்கை சரண்யாதான், காய்கறிப் பையோடு அந்த வழியாக வந்தவள், நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

படத்தில் மகள் யாழினி பட்டுப்பாவாடையில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை மஞ்சள் நீராட்டு விழா, இன்ன மண்டபம், இத்தனை மணி. அதற்குக் கீழே, பேருந்தில் போகிறவனும் படிக்கிற அளவுக்கு: 'மலேசியா கலைவேந்தன் – சரண்யா தம்பதியரின் அன்பு மகள்.'

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்கற? அவன் பேர எதுக்கு போட்ட?"

"அப்பன் பேர் இல்லாம பேனர் வெக்க முடியுமாடி? பொண்ணுக்கு அப்பன் இல்லியான்னு கேப்பான். உன்னையா கேக்கறான், என்னத்தான கேக்கறான்?"

"வக்கீல் இன்னா சொன்னாரு? நம்ம இருக்கற எடம் அவனுக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்லல?"

"மலேசியாவுல இருக்கறவன் கரிக்கலாம்பாக்கம் ரோட்டுல பேனர் படிக்க வரப்போறானா? போ, போய் வேலயப் பாரு."

அண்ணன் கெட்டவன் இல்லை. தங்கையும் மகளும் ஒரு சூட்கேஸோடு வந்து நின்றபோது ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் மாடியைக் காலி செய்து கொடுத்தவன். ஆனால் ஊருக்கு முன்னால் தலை குனிவது மட்டும் அவனால் ஆகாது. மச்சானுக்கு மலேசியாவில் பெரிய வேலை, லீவு கிடைக்கவில்லை என்று இரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். சொல்லிச் சொல்லி அவனே அதைப் பாதி நம்பிவிட்டான் என்று சரண்யாவுக்குத் தோன்றும்.

நடந்தது வேறு. கலைவேந்தன் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் பேசுவான். பரீட்சையில் மார்க்குக் குறைந்தால், பத்து வயசுப் பிள்ளையைப் பதினான்காவது மாடி பால்கனியில் விட்டு, உள்ளே கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு மெதுவாக வேலைக்குப் போய்விடுவான். ஒரு தடவை தடுக்கப்போன சரண்யாவுக்குக் கை முறிந்தது. சாயங்காலம் வந்து கதவைத் திறந்து, பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கொடுப்பான். பிள்ளையும் வாங்கிச் சாப்பிடும். அதுதான் சரண்யாவுக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

செல்லிப்பட்டில் சரண்யாவின் அம்மா செத்த சேதி வந்தபோது, காரியத்துக்கு மட்டும் போய் வரச் சொல்லி அனுப்பினான். யாழினி மலேசியாவில் பிறந்தவள், அந்த நாட்டுப் பாஸ்போர்ட். முப்பது நாள் சுற்றுலா விசாவில் பாட்டி சாவுக்கு விருந்தாளியாக வந்தாள். முப்பத்தொன்றாம் நாள் சரண்யா திரும்பிப் போகவில்லை. கலைவேந்தன் செல்லிப்பட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டான். அவள் அப்பா பக்கிரி, திருப்பூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் இருக்கிறாள், எங்கே என்று தெரியாது என்று சாதித்துவிட்டார். அண்ணன் கரிக்கலாம்பாக்கத்துக்கு வீடு மாறியது அவனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமையும் அவனுடைய மெதுவான பேச்சைப் போலத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் இந்தியப் பெண் என்று எழுதிக் கொடுத்துச் சேர்த்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆதார் கேட்டு மூன்று தடவை சீட்டு வந்த பிறகுதான், வேறு வழியில்லாமல் வில்லியனூரில் வக்கீல் அருள்தாஸைப் போய்ப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"பயப்படாதம்மா. நீ இந்தியப் பிரஜை. மைனர் பொண்ணு, உன்னை நம்பி இருக்கறவ. அந்த முறையில இங்க தங்க விசா கேக்கலாம், தகுதி இருக்குது. டூரிஸ்ட் விசா முடிஞ்சு இத்தினி நாள் தங்கினதுக்கு விளக்கம் எழுதிக் குடுத்து அபராதம் கட்டணும், அதையும் பாத்துக்கலாம். ஒண்ணுதான் இடிக்குது. அப்பா அம்மா ரெண்டு பேரு சம்மதமும் கேப்பாங்க."

"அவரு போட மாட்டாரு சார்."

"அதான். மொதல்ல கோர்ட்டுல பொண்ணு உன் பொறுப்புன்னு ஒரு உத்தரவு வாங்கிடுவோம். அது கைக்கு வந்தா அவன் கையெழுத்தே வேணாம். இந்த வாரமே மனு போட்டுடலாம். அதுவரைக்கும் அவனுக்கு நீங்க இருக்கற எடம் தெரியக்கூடாது. அவனும் வெளிநாட்டான், பொண்ணும் வெளிநாட்டுப் பொண்ணு, பொண்ணுக்கு விசா இல்ல. அவன் முந்திக்கினான்னா நம்ம நெலம கஷ்டம்."

அந்த வாரத்தில்தான் யாழினி பெரியவளானாள். ஆடி மாதம். தமிழ்க்குமரன் மனுவுக்குக் குறுக்கே விழுந்தான். ஆடியில் ஒன்றும் தொடங்கக் கூடாது, ஆவணி முதல் முகூர்த்தத்தில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் எதுவும் என்றான். ஒரு நல்ல காரியத்தை வைத்துக்கொண்டு எவனாவது கோர்ட்டு வாசலை மிதிப்பானா என்று கேட்டான். சரண்யா இரண்டு நாள் சண்டை போட்டாள். அவன் வீட்டுச் சோறு, அவன் வீட்டுக் கூரை. மூன்றாம் நாள் சரி என்று சொல்லிவிட்டாள். அந்தச் 'சரி'யை நினைத்தால் இன்றைக்கும் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல அவளுக்கு இருக்கும்.

யாழினிக்குப் பேனர் ரொம்பப் பிடித்திருந்தது. செல்பி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மா, அப்பா பேரும் போட்டிருக்காங்க. அப்பா வருவாராமா?"

"வர மாட்டாரு."

"நீ சொன்னியா வரக்கூடாதுன்னு?"

பெண்ணின் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. பால்கனி அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா, ஐஸ்கிரீம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதா என்று தாய்க்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் அண்ணன் செல்போனைச் சார்ஜில் போடும்போது அவள் தற்செயலாகப் பார்த்தாள். பேனர் படத்தை அவன் பத்து நாளாக ஸ்டேட்டஸில் மாற்றி மாற்றி வைத்திருக்கிறான். யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனாள். ஊர்ப் பெயர்கள், மனை வாங்கினவர்கள், கட்சிக்காரர்கள். நடுவில் 'மஞ்சு அண்ணி மலேசியா'.

மஞ்சுளா, கலைவேந்தனின் அக்கா. கல்யாணத்தின்போது பதிந்த நம்பர், அழிக்காமலே கிடந்திருக்கிறது. சரண்யா போனை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாத்தா பாத்துட்டுப் போறா, இன்னா இப்ப?" என்றான் தமிழ்க்குமரன். ஆனால் நம்பரை அழித்தான். அழிக்கும்போது அவன் முகமும் சரியாக இல்லை. விழாவை நிறுத்திவிடலாம் என்று அவள் சொன்னதற்கு மட்டும் எகிறினான். மண்டபம் பேசியாகிவிட்டது, நானூறு பேருக்குப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, தாய்மாமன் சீர் ஊரறிய வர வேண்டும். வெள்ளி போனால் திங்கள்கிழமை மனு, இரண்டு நாளில் என்ன குடி முழுகிவிடும் என்றான்.

வெள்ளிக்கிழமை மேளம் ஒன்பது மணிக்கே தொடங்கிவிட்டது. யாழினியை மணையில் உட்காரவைத்து, மாமன் மாலை போட்டு, பெண்கள் சுற்றி நின்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். சரண்யா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீர் தட்டுகள் வரிசையாக வந்தன. அந்த வரிசையின் கடைசியில், புதுப் பட்டுச்சேலை மொடமொடக்க, ஐந்து தட்டுகளோடு மஞ்சுளா வந்தாள்.

வந்தவள் நேராகச் சரண்யாவிடம்தான் வந்தாள். கன்னத்தைத் தடவினாள்.

"எப்படி இருக்க சரண்யா? எங்களுக்குப் பத்திரிகை அனுப்பலன்னா நாங்க வராம போயிடுவோமா? என் தம்பி பொண்ணு. தண்ணி ஊத்துற உரிமை எனக்குத்தானே?"

கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம். அத்தை வந்துவிட்டாள்! அதுவும் கடல் தாண்டி வந்திருக்கிறாள்! மலேசியா மச்சான் இருக்கிறானா என்று முதுகுக்குப் பின்னால் பேசிய வாய்களெல்லாம் இப்போது மஞ்சுளாவுக்கு வழிவிட்டு, சொம்பை எடுத்து நீட்டின. அத்தை இல்லாமல் ஊற்றுகிற தண்ணீர் ஒரு தண்ணீரா என்று ஒரு கிழவி உரக்கச் சொன்னாள். சரண்யா எப்படித் தடுப்பாள்? என்ன சொல்லித் தடுப்பாள்? உண்மையைச் சொன்னால் அண்ணன் இரண்டு வருஷம் சொன்னதெல்லாம் பொய்யாகும். அவள் தமிழ்க்குமரனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்தான். ஆனாலும் அவன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்ததை அவள் கவனித்தாள். மச்சான் வீட்டுச் சீர் ஐந்து தட்டு, ஊரறிய வந்திருக்கிறது.

"தனியாவா அண்ணி வந்தீங்க?" என்று கேட்டாள் சரண்யா.

"தனியாத்தான்மா. அவனுக்கு வேலை."

தண்ணீர் ஊற்றியானது. மஞ்சள் வழிய எழுந்த பெண்ணுக்கு அத்தை கொண்டுவந்த சேலையைத்தான் கட்ட வேண்டும். மஞ்சுளா அவள் தோளை அணைத்துக்கொண்டு மணமகள் அறைப் பக்கம் நடந்தாள். சரண்யா கூடவே போனாள். அறை வாசலில் தமிழ்க்குமரன் வந்து கையைப் பிடித்தான்.

"சீர் தட்டு வாங்கணும், பொண்ணப் பெத்தவ நீ இங்க இன்னா பண்ற? எல்லாரும் காத்துனு இருக்காங்க."

"நான் போவ மாட்டன்ணா. அவள தனியா வுட மாட்டன்."

"அய்யோ, ஊரு பாக்குதுடி! ரெண்டு நிமிஷம். நான் ஆள வெக்கறன்."

இரண்டு நிமிஷம் இல்லை, ஐந்து தட்டு வாங்கி வைக்க நாலு நிமிஷம் ஆகியிருக்கும். போட்டோகிராபர் இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னான். அவள் தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். அறையில் ஈரப் பாவாடை தரையில் கிடந்தது. காவலுக்கு அண்ணன் வைத்த சித்தப்பா மகள், கண்ணாடி முன்னால் நின்று தனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாழினி எங்கடி?"

"அவங்க அப்பா கார்ல வந்து இருக்காராம்க்கா. பாத்துட்டு வரேன்னு அத்தையோட போச்சு. ஓடிப் போச்சுக்கா, அவ்ளோ சந்தோஷம்."

பின்கதவு திறந்து கிடந்தது. மண்ணில் கார் திரும்பிய தடம் இருந்தது. மேளம் நின்றபாடில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். தாய் அழுததைப் பார்த்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். ஆனால் எழுதுவதற்குப் பேனாவை எடுக்கவில்லை.

"அப்பா பொண்ணக் கூட்டினு போறது கடத்தல் ஆவாதும்மா. கோர்ட்டு ஆர்டர் எதனா இருக்குதா? இல்ல. விவாகரத்து? அதுவும் இல்ல. பொண்ணு தானா ஓடிப்போய்க் கார்ல ஏறிச்சுன்னு நீங்களே சொல்றீங்க. நான் எந்தச் சட்டத்துல மறிக்கறது?"

தமிழ்க்குமரன் மூலையில் நின்றான். அருள்தாஸ் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். வந்ததும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் இறங்கியது.

"நேத்தே பொண்ணு பேர்ல நாட்ட விட்டு வெளியேற பர்மிட் வாங்கிட்டான். பொண்ணோட பழைய பாஸ்போர்ட்டு தொலஞ்சதுன்னு புதுசு எடுத்திருக்கான். பொண்ணு சொந்தக்காரங்க வூட்டுல இருக்குது, விழாவுக்காகத் தங்கினதுல நாள் கடந்துபோச்சு, நான் அழைச்சினு போறன்னு அபராதம் கட்டியிருக்கான். பொண்ணு இங்கதான் இருக்குதுன்னதுக்குச் சாட்சி..." என்று நிறுத்தி, மூலையில் நின்றவனைப் பார்த்தார். "சாட்சிதான் உங்க அண்ணன் பன்னெண்டுக்கு எட்டு அடியில அடிச்சி வெச்சிருக்காரே."

சென்னையிலிருந்து விமானம் மாலை ஐந்தரைக்கு. கார் இந்நேரம் திண்டிவனம் தாண்டியிருக்கும்.

"கோர்ட்டுல தடை வாங்க முடியாதா சார்?"

"இன்னிக்கு வெள்ளி. மனு தயார் பண்ணி, நம்பர் வாங்கி, ஜட்ஜ் முன்னாடி போறதுக்குள்ள அவன் பறந்துடுவான்."

"அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா?"

அருள்தாஸ் அவளை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"ஒரு வழி இருக்குது. நான் சொல்றன்னு செய்யாத, யோசிச்சு செய். கேஸுல மாட்டின வெளிநாட்டு ஆளுக்குக் குடுத்த பர்மிட்டு செல்லாது. விசாரணை முடியறவரைக்கும் நாட்ட விட்டுப் போவ முடியாது. பொண்ணு மேல கேஸ் போட ஒண்ணும் இல்ல. உன் மேல இருக்குது. தெரிஞ்சே மறைச்சு வெச்சது, இந்தியப் பொண்ணுன்னு பொய் சொல்லி ஸ்கூல்ல சேத்தது. அதுக்கு அந்தப் பொண்ணுதான் ஆதாரம். நீயே எழுதிக் குடுத்தா அவங்க மறிச்சுதான் ஆவணும்."

"குடுக்கறன் சார்."

"முழுசா கேளு. எழுதிக் குடுத்தா நீ குற்றவாளி. நாளைக்குப் பொண்ணுக்கு விசா கேக்கப் போறவளும் நீதான். சட்டத்த ஏமாத்தினவள நம்பி ஒரு மைனர எப்படி வுடறதுன்னு கேப்பாங்க. அந்தத் தகுதியே உனக்குப் போவலாம். ரெண்டு பேருக்கும் இல்லாம பொண்ணு ஹோமுல கெடக்கும்படி ஆவலாம்."

அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் பெண்ணை மாடிக்கு அனுப்பியவள். தபால்காரன் மணியடித்தால்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். யாருக்கும் தெரியக்கூடாது என்று எதை எதையோ செய்து மறைத்தாளோ, அதைத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பதினான்காவது மாடி அவள் கண்ணில் வந்தது. திரும்பி உள்ளே போனாள்.

"சார், என் மேல கேஸ் போடுங்க," என்றாள் எஸ்.ஐ.யிடம். "என் பொண்ணு வெளிநாட்டுப் பொண்ணு. ரெண்டு வருஷமா விசா இல்லாம ஒளிச்சு வெச்சிருந்தன்."

எஸ்.ஐ. இப்போது பேனாவை எடுத்தார்.

எந்தத் தேதி வந்தோம், எந்தத் தேதியோடு விசா முடிந்தது, எந்தப் பள்ளியில் என்ன பொய் சொன்னேன் என்று ஒன்று விடாமல் எழுதினாள். அண்ணன் பெயரை எழுதவில்லை. தமிழ்க்குமரன் எட்டிப் பார்த்து அதைக் கவனித்தான். சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அவனைத் தேற்ற அவளுக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை.

மூன்றே முக்காலுக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. குடியேற்றக் கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள். தகப்பன் சத்தம் போடவில்லையாம். மெதுவாகத்தான் பேசினானாம். வக்கீல் வைத்து எடுத்துக்கொள்கிறேன், எத்தனை நாள் ஆனாலும் இங்கேயே இருக்கிறேன் என்றானாம். பெண்ணைப் புதுச்சேரிக் குழந்தைகள் இல்லத்தில் ஒப்படைக்க உத்தரவு.

சரண்யாவைச் சொந்த ஜாமீனில் விட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் இல்லத்தின் வாசலில் நின்றாள். கையில் ஒரு பை. இரண்டு நைட்டி, உள்பாவாடை, சீப்பு, நாப்கின். அத்தை கட்டிய அந்தப் பட்டுச்சேலையோடுதான் பெண் இரவெல்லாம் இருந்திருப்பாள்.

மேற்பார்வை பார்க்கிற அம்மாள் பையை வாங்கி உள்ளே போய்விட்டு, தனியாகத் திரும்பி வந்தாள். நல்ல பெண்மணி. சொல்வதற்குத் தயங்கினாள்.

"உங்களப் பாக்க மாட்டேன்னு சொல்லுதும்மா. ராத்திரி சாப்பிடவும் இல்ல. போலீஸ்ல அம்மாதான் புடிச்சுக் குடுத்தாங்கன்னு அவங்க அப்பா ஏர்போர்ட்டுல சொன்னாராம். அது நெசமான்னு கேட்டு வரச் சொல்லுது. சின்னப் பொண்ணு, எதனா சமாதானமா சொல்லலாம். நான் இன்னான்னு போய் சொல்லட்டும்?"

சரண்யா உள்ளே நீண்டு கிடந்த நடையைப் பார்த்தாள். கடைசிக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"நெசந்தான்னு சொல்லுங்க," என்றாள். "சாப்பிடச் சொல்லுங்க. நாளைக்கும் வருவேன்னு சொல்லுங்க."